காசு கொடுத்தது யார், மாட்டிய சுவர் எது? மறுமலர்ச்சியிலிருந்து யதார்த்தவாதம் வரை

கேள்வி இதுதான்: மறுமலர்ச்சி, மானரிசம், பரோக், ரொகோகோ, நவசெவ்வியல், ரொமான்டிசிசம், யதார்த்தவாதம் என்று ஐரோப்பிய ஓவியப் பாணிகளை வரிசையாக ஒப்பிக்க முடிகிறது. ஆனால் ஒன்று ஏன் போனது, அடுத்தது ஏன் வந்தது என்று பிடிபடவில்லை.

பிடிபடாததற்குக் காரணம் அந்த வரிசைதான். அதைப் படித்தால் ஓவியர்கள் ஒரு பாணியில் சலித்துப்போய் அடுத்ததற்குத் தாவினார்கள் என்றோ, தலைமுறைக்குத் தலைமுறை கைத்திறன் ஏறிக்கொண்டே போனது என்றோ தோன்றும். இரண்டும் சரியில்லை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, இதற்குக் காசு கொடுத்தது யார், இது எந்தச் சுவருக்காக வரையப்பட்டது என்பதைத்தான். எல்லாவற்றையும் இது விளக்கிவிடாது. ஆனால் பாணி ஏன் மாறியது என்பதில் முக்கால்வாசி இதிலேயே தெளிந்துவிடும்.

இத்தாலியிலிருந்து தொடங்கலாம். பதுவா நகரத்தில் ஸ்க்ரோவெஞ்னி என்றொரு பணக்காரக் குடும்பம். தந்தை வட்டிக்கு விட்டுச் சம்பாதித்தவர். தாந்தே தன் காவியத்தில் அவரை நரகத்திலேயே உட்கார வைத்துவிட்டார். மகன் என்ரிக்கோ ஒரு சிற்றாலயம் கட்டி, அதன் சுவர் முழுக்க வரைய ஜொத்தோவை அழைத்தார். 1305 வாக்கில் முடிந்த அந்தச் சுவரோவியங்களில் மனிதர்களுக்கு எடை இருக்கிறது. அழுகிறவர்கள் நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை தங்கப் பின்னணியில் மிதந்துகொண்டிருந்த புனிதர்கள் இங்கே தரையில் கால் ஊன்றுகிறார்கள்.

அடுத்த நூற்றாண்டில் ஃப்ளோரன்ஸ். கம்பளித் துணி வியாபாரத்திலும் வங்கித் தொழிலிலும் கொழித்த ஊர். வணிகக் குடும்பங்கள் ஆலயங்களுக்குள் தங்களுக்கென்று பீடங்களும் சிற்றாலயங்களும் அமைத்துக்கொண்டன. இணைகோடுகள் எல்லாம் ஒரு புள்ளியில் போய்ச் சேர்வதாக வரைந்தால் தட்டையான சுவரில் ஆழம் தெரியும் என்பதைக் கட்டடக்கலைஞர் ப்ரூனெல்லெஸ்கி செய்து காட்டினார். சாந்தா மரியா நொவெல்லா ஆலயத்தில் மசாச்சோ 1427 வாக்கில் வரைந்த 'திரித்துவம்' இந்த முறையை முழுதாகக் கையாண்டது. கோடுகள் சந்திக்கும் புள்ளி ஏறக்குறைய சிலுவையின் அடியில், நின்று பார்ப்பவரின் கண்மட்டத்தில் இருக்கிறது. அதனால் சுவரைக் குடைந்து ஓர் அறை கட்டியதுபோலத் தெரியும். காசு கொடுத்த கணவனும் மனைவியும் அந்த அறைக்கு வெளியே, நமக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் கீழே ஓர் எலும்புக்கூடு. நீ இருப்பதுபோல நானும் இருந்தேன், நான் இருப்பதுபோல நீயும் ஆவாய் என்ற வாசகத்துடன்.

அக்கால ஒப்பந்தங்கள் சிலவற்றைப் பார்த்தால் ஓவியருக்கு எவ்வளவு சுதந்திரம் இருந்தது என்று தெரியும். ஃப்ளோரன்ஸின் அநாதைக் குழந்தைகள் இல்லத்துக்காக கிர்லாண்டாயோ 1485-இல் செய்துகொண்ட ஒப்பந்தம், அவர் பெறும் கூலி 115 ஃப்ளோரின் (தங்க நாணயம்) என்கிறது. கூடவே, நீலம் அவுன்சு 4 ஃப்ளோரின் தரத்தில் இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை. அந்த நீலம் ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் சுரங்கக் கல்லைப் பொடித்து எடுப்பது. நகைக்குத் தங்கத்தின் தரம் பேசுவதுபோலப் படத்துக்கு நீலத்தின் தரம் பேசினார்கள். மரியாளின் மேலாடை ஏன் எப்போதும் நீலமாக இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். விலை கூடிய வண்ணம் அவளுக்குத்தான்.

அதே காலத்தில் வடக்கே, இன்றைய பெல்ஜியப் பகுதியில், வேறொரு பாதை. யான் வான் எய்க் எண்ணெய் வண்ணத்தை மெல்லிய அடுக்குகளாகப் பூசி, கண்ணாடி, பித்தளை, ரோமத் துணி ஒவ்வொன்றும் வெளிச்சத்தை எப்படி வாங்குகிறது என்று காட்டினார். எண்ணெய் வண்ணத்தை அவர் கண்டுபிடித்தார் என்று பழைய புத்தகங்கள் சொல்வது தப்பு. அவருக்கு முன்பே அது இருந்தது. அதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று காட்டியவர் அவர். 1434-இல் வரைந்த அர்னொல்ஃபினி தம்பதி படத்தில் பின்சுவரில் ஒரு குவிகண்ணாடி, அதற்குள் அறைக்குள் நுழையும் இரண்டு பேர், அதன் மேலே 'யான் வான் எய்க் இங்கே இருந்தார்' என்ற எழுத்து. யதார்த்தம் என்பது நேரில் பார்ப்பதுபோல வரைவது மட்டும்தான் என்றால் கதை இங்கேயே முடிந்துவிட்டது. கடைசியில் யதார்த்தவாத ஓவியர் கூர்பேயைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

லியொனார்டோ, மிக்கெலாஞ்சலோ, ரஃபேல் மூவரையும் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் வேகமாகத் தாண்டிவிடுகிறேன். ரோமில் போப் இரண்டாம் ஜூலியஸ் ஒரே சமயத்தில் சிஸ்டைன் கூரையை மிக்கெலாஞ்சலோவிடமும் (1508–1512) தன் அறைகளை ரஃபேலிடமும் ஒப்படைத்தார். வணிகர் குடும்பத்துப் பணத்தின் இடத்துக்குத் திருச்சபையின் பணம் வந்ததும் படத்தின் அளவும் துணிச்சலும் எப்படி வளர்ந்தன என்பதற்கு அந்தக் கட்டடமே சாட்சி. வெனிஸில் நிலைமை வேறு. கடல் ஈரத்தில் சுவரோவியம் நிற்காது, கப்பல் பாய்க்கு நெய்த கித்தான் துணியோ தாராளமாகக் கிடைக்கும். அதனால் அங்கே துணியில் எண்ணெய் வண்ணம் வேரூன்றியது. டிஷியன் போன்றவர்கள் கோட்டைவிட வண்ணத்தை நம்பி வரைந்தார்கள். படத்தைச் சுருட்டி அடுத்த நாட்டு மன்னருக்கு அனுப்பவும் முடிந்தது.

அப்புறம் மானரிசம். 1520-இல் ரஃபேல் இறந்தார், 1527-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோமைச் சூறையாடியது. ரஃபேலுக்குப் பிறகு வந்த தலைமுறை, அவரைப்போலவே அளவாக வரைந்து அவரை மிஞ்ச முடியாது என்று உணர்ந்ததுபோல, அளவையே இழுத்து நீட்டியது. பார்மிஜியானினோ வரைந்த மரியாளின் கழுத்து அன்னத்தின் கழுத்து. மடியில் கிடக்கும் குழந்தை நழுவி விழுந்துவிடும்போல இருக்கிறது. அரண்மனைகளில் இருந்த, நுணுக்கம் தெரிந்த ரசிகர்களுக்கான கலை இது. எனக்கு இதில் பொன்டொர்மோ மட்டும் பிடிக்கும்.

பரோக்கில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். 1517-இல் லூதர் தொடங்கிய எதிர்ப்பு ஐரோப்பியக் கிறிஸ்தவத்தை இரண்டாகப் பிளந்தது. 1566-இல் நெதர்லாந்தில் கூட்டம் கூட்டமாக ஆலயங்களுக்குள் புகுந்து சொரூபங்களை உடைத்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபை ட்ரென்ட் சங்கம் என்ற ஆயர்கள் மாநாட்டின் கடைசிக் கூட்டத்தில், 1563 டிசம்பரில், சொரூபமும் படமும் வேண்டும் என்றே முடிவெடுத்தது. ஆனால் அவை மக்களுக்குப் புரிய வேண்டும், பக்தியை எழுப்ப வேண்டும், ஆபாசம் கூடாது. மிக்கெலாஞ்சலோவின் 'இறுதித் தீர்ப்பு' நிர்வாணங்களுக்குத் துணி வரைந்து மூடினார்கள். நீட்டிய கழுத்துகளுக்கு இனி வேலையில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரையும் நின்ற இடத்தில் உலுக்கும் படம் வேண்டும்.

அதைக் கொண்டுவந்தவர் கரவாஜ்ஜோ. ரோமில் சான் லூயிஜி தெய் ஃப்ரான்செசி ஆலயத்தில், 1599–1600-இல் வரைந்த 'மத்தேயுவின் அழைப்பு' இடப்பக்கச் சுவரில் இருக்கிறது. வரி வசூலிக்கும் அறை. மேசையைச் சுற்றி ஐந்து பேர், ஓவியர் காலத்து உடையில், ரோமின் எந்தச் சாராயக்கடையிலும் பார்க்கக்கூடிய ஆட்கள். இடது ஓரத்து இளைஞன் தலை குனிந்து காசை எண்ணிக்கொண்டிருக்கிறான். வலது பக்கம் இயேசு நுழைகிறார். முகத்தில் பாதி இருட்டு, நீட்டிய கை மட்டும் தெளிவு. அந்தக் கை சிஸ்டைன் கூரையில் ஆதாமின் கையைத் தழுவியது. படத்துக்குள் ஒரு ஜன்னல் உண்டு, ஆனால் வெளிச்சம் அதிலிருந்து வரவில்லை. வலப்பக்கம் மேலிருந்து, இயேசுவின் கைக்கு மேலே சாய்வாக வருகிறது. சிற்றாலயத்தின் பீடத்துக்கு மேலிருக்கும் நிஜ ஜன்னலும் அதே திசையில்தான். வெளியே இருக்கும் ஒளி நேராகப் படத்துக்குள் பாய்வதுபோல இருப்பது தற்செயல் இல்லை. அழைக்கப்பட்ட மத்தேயு தாடிக்காரரா, காசு எண்ணும் இளைஞனா என்று இன்றைக்கும் அறிஞர்கள் சண்டை போடுகிறார்கள்.

சபை கேட்டதை அவர் கொடுத்தார். சில சமயம் கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டார். 'மரியாளின் மரணம்' படத்தைக் கேட்டவர் கார்மேல் சபைத் துறவிகளின் சாந்தா மரியா தெல்லா ஸ்காலா ஆலயத்துக்காக வாங்க இருந்தார். படத்தில் மரியாள் உண்மையாகவே செத்துக் கிடக்கிறாள். வயிறு உப்பி, வெறுங்கால் பலகைக்கு வெளியே நீண்டு, மேலே தேவதூதர் ஒருவர்கூட இல்லை. துறவிகள் மறுத்துவிட்டார்கள். 1607-இல் அதை வாங்கச் சொல்லி மாந்துவாக் கோமகனுக்குச் சிபாரிசு செய்தவர் இன்னொரு பரோக் மேதை, ரூபன்ஸ். இன்று அது லூவ்ரில் இருக்கிறது. பீடத்துக்கு ஆகாத படம் சேகரிப்பாளரின் சுவருக்கு ஆனது. கலைச் சந்தை என்ற புதிய இடம் பிறந்துகொண்டிருந்ததற்கு இது நல்ல அடையாளம்.

அந்தச் சந்தை முழுதாக மலர்ந்தது டச்சுக் குடியரசில். அங்கே கால்வினிய (ஒரு புராட்டஸ்டன்ட் பிரிவு) ஆலயங்களின் சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டுவிட்டன, ஆணையிடப் பெரிய அரசவையும் இல்லை. வாங்கியவர்கள் வியாபாரிகள், மதுபானம் காய்ச்சுபவர்கள், கடைக்காரர்கள். அவர்கள் வீட்டுச் சுவர் சின்னது. எனவே படமும் சின்னது: நிலக்காட்சி, கடல், மேசையில் மீனும் எலுமிச்சையும், சமையலறையில் ஒரு பெண். வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்' அரை மீட்டர் உயரம்கூட இல்லை. அதற்குள் ரொட்டியின் மேல்தோலில் வெளிச்சம் புள்ளி புள்ளியாக உட்கார்ந்திருக்கிறது, சுவரில் ஓர் ஆணியும் அதன் நிழலும் தெரிகின்றன. ஆர்டர் கொடுத்து வரைந்தவையும் உண்டு. ரெம்ப்ராண்டின் 'இரவுக் காவல்' (1642) ஓர் ஊர்க்காவல் படையினர் பங்கு போட்டுக் கொடுத்த காசில் வந்தது. தலைக்குச் சுமார் 100 கில்டர் (டச்சு நாணயம்), படத்தில் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்துக் கூடக்குறைய. 1715-இல் அதை ஆம்ஸ்டர்டாம் நகரமன்றத்துக்கு மாற்றியபோது, அந்தச் சுவரில் அடங்கவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டிவிட்டார்கள். சுவர்தான் படத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடக் கொடூரமான உதாரணம் எனக்குத் தெரியாது.

பிரான்சில் பணமும் ரசனையும் ஒரே கையில். 1648-இல் தொடங்கிய அரச ஓவிய அகாதமி, பதினான்காம் லூயி காலத்தில், படங்களுக்கு ஒரு படிநிலையை வகுத்தது. உச்சியில் வரலாறு, புராணம், பைபிள் காட்சிகள், பிறகு உருவப்படம், அதற்குக் கீழே அன்றாட வாழ்க்கையும் நிலக்காட்சியும், அடியில் பழமும் பாத்திரமும். மிகப் பெரிய துணி மேல்படிக்குத்தான் என்பது வழக்கமானது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இருநூறு ஆண்டுச் சண்டைக்கு இதுதான் மூலம். நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. ரவிவர்மா எண்ணெய் வண்ணத்தில் தமயந்தியையும் சகுந்தலையையும் வரைந்தபோது கையாண்டது இந்த அகாதமி வழியைத்தான். அங்கிருந்துதான் அது நம் வீட்டுச் சாமிப் படங்களுக்கும் காலண்டர்களுக்கும் வந்தது.

1715-இல் பதினான்காம் லூயி இறந்ததும் பிரபுக்கள் வெர்சாய் அரண்மனையின் பிடியிலிருந்து தளர்ந்து பாரிஸ் மாளிகைகளுக்குத் திரும்பினார்கள். அறைகள் சிறிதாகின, வளைவுகளும் வெளிர் வண்ணங்களும் வந்தன. அதுதான் ரொகோகோ. ஃப்ரகொனாரின் 'ஊஞ்சல்' (1767 வாக்கில்) பிறந்த கதை ஒரு நாட்குறிப்பில் இருக்கிறது. அரசவை ஆள் ஒருவர் வேறோர் ஓவியரிடம் போய், என் காதலி ஊஞ்சலாட வேண்டும், ஒரு பிஷப் ஊஞ்சலைத் தள்ள வேண்டும், நான் கீழே அவள் கால் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும் என்றாராம். அந்த ஓவியர் நழுவிவிட, வேலை ஃப்ரகொனாருக்கு வந்தது. அவர் பிஷப்பை எடுத்துவிட்டு ஒரு கிழவரைப் போட்டார். ரொகோகோவை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவது ஒரு பழக்கமாகிவிட்டது. அந்த இலைகளையும் பாவாடை மடிப்பையும் ஒருதரம் பெரிதாக்கிப் பார்த்தால் அந்தப் பழக்கம் போய்விடும். அதே பாரிஸில் ஷார்டேன் செம்புப் பானையையும் பீச் பழத்தையும் அமைதியாக வரைந்துகொண்டிருந்தார் என்பதையும் மறக்க வேண்டாம். எந்தக் காலமும் ஒரே பாணியில் ஓடியதில்லை.

1738-இல் ஹெர்குலேனியத்திலும் 1748-இல் பொம்பேயிலும் தொடங்கிய அகழ்வுகள் ரோமானிய வாழ்க்கையைக் கண்முன் கொண்டுவந்தன. பிரபுக்களின் சொகுசை வெறுத்தவர்களுக்குப் பழைய ரோமின் கடமையும் தியாகமும் பிடித்துப்போயின. டேவிட் 1784-இல் முடித்த 'ஹொராஷியஸ் சகோதரர்களின் சபதம்' நவசெவ்வியலின் கொடி. மூன்று வளைவுகள், ஒன்றின் கீழ் வாளுக்குக் கை நீட்டும் மூன்று மகன்கள், நடுவில் வாள்களைப் பிடித்த தந்தை, மூன்றாவதன் கீழ் துவண்டு கிடக்கும் பெண்கள். பின்னணி இருட்டு, மேடைநாடகம்போல வெறுமை. வேடிக்கை என்னவென்றால் இதற்குக் காசு கொடுத்தது பதினாறாம் லூயியின் அரசு. சில ஆண்டுகளில் அதே லூயிக்கு மரண தண்டனை கேட்டு வாக்களித்தவர்களில் டேவிடும் ஒருவர். பிறகு நெப்போலியனின் முடிசூட்டு விழாவையும் அவரே வரைந்தார். ஆள் மாறினாலும் பெரிய சுவர் அரசின் கையில்தான் இருந்தது.

இங்கே லூவ்ரில் நடந்த சலோன் கண்காட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1737 முதல் ஒழுங்காக நடந்த இந்தக் கண்காட்சிக்குப் பொதுமக்கள் போகலாம். பத்திரிகைகள் விமர்சிக்கும். அதாவது ஓவியர் இப்போது காசு கொடுத்தவருக்கு மட்டும் பதில் சொல்லவில்லை, கூட்டத்துக்கும் சொல்கிறார். ரொமான்டிசிசம் இந்தக் கூட்டம் இல்லாமல் நடந்திருக்காது.

ஜெரிக்கோவின் 'மெதூஸாவின் தெப்பம்' இதற்கு உதாரணம். 1816 ஜூலையில் மெதூஸா என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் தரை தட்டியது. செல்வாக்கால் பதவி பெற்ற கேப்டன் கப்பலோட்டிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. படகுகள் போதவில்லை. சுமார் 147 பேரை ஒரு தெப்பத்தில் ஏற்றி, இழுத்துப்போவதாகச் சொல்லிப் பாதியில் கயிற்றை விட்டுவிட்டார்கள். 13 நாள் கழித்துக் கண்டபோது உயிரோடு இருந்தவர்கள் 15 பேர். மனித மாமிசம் தின்று பிழைத்தவர்கள். யாரும் ஆர்டர் கொடுக்காமலே ஜெரிக்கோ இதை எடுத்துக்கொண்டார். தப்பியவர்களிடம் பேசினார், தெப்பத்தின் மாதிரியைச் செய்ய வைத்தார், மருத்துவமனையிலிருந்து வெட்டுண்ட உறுப்புகளைக் கொண்டுவந்து பார்த்து வரைந்தார். ஏறக்குறைய 5 மீட்டர் உயரம், 7 மீட்டர் அகலம். வரலாற்றுப் படத்துக்கான அளவு அது, ஆனால் வீரன் இல்லை, கடமை இல்லை, அரசின் கவனக்குறைவால் செத்தவர்கள் இருக்கிறார்கள். குவியலின் உச்சியில் துணியை ஆட்டுபவர் ஒரு கறுப்பின மனிதர். 1819 சலோனில் வந்தபோது பெரும் சர்ச்சை.

ரொமான்டிசிசத்தைக் கண்ணால் மட்டும் அடையாளம் காண்பது கடினம். கோயாவின் துப்பாக்கிச் சூடு, ஃப்ரீட்ரிக்கின் மூடுபனி, டர்னரின் கொந்தளிக்கும் கடல், டெலக்ருவாவின் தடுப்பரண் எல்லாமே இதற்குள் வரும். ஒன்றைப்போல இன்னொன்று இல்லை. பொதுவாக இருப்பது ஒன்றுதான்: பார்த்ததைவிட, பார்த்தபோது உள்ளே நேர்ந்தது முக்கியம்.

சரி, கூர்பே. 1848 புரட்சியில் பிரான்சில் வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. பாரிஸ் மேல்தட்டுக்குத் திடீரென்று கிராமத்தான் என்றால் பயம். அந்த நேரத்தில் கூர்பே தன் சொந்த ஊரான ஒர்னானில் நடந்த ஒரு சவ அடக்கத்தை 3 மீட்டருக்கு மேல் உயரம், 6 மீட்டருக்கு மேல் அகலமாக வரைந்தார். ஊர்க்காரர்களே வந்து நின்றார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்கள், ஆளுயரத்தில், ஒரே வரிசையாக. சிவப்பு அங்கி போட்ட கோயில் பணியாளர்களுக்கு மூக்கும் சிவப்பு. முன்னால் ஒரு நாய், எங்கோ வேறு பக்கம் பார்க்கிறது. குழி படத்தின் கீழ்விளிம்பில், நம் காலடியில் திறந்து கிடக்கிறது. செத்தவர் யாரென்று படம் சொல்லவில்லை. கண்ணை இழுக்கும் நாயகன் இல்லை, சொர்க்கத்துக்குப் போகும் ஆன்மா இல்லை. மேலே சாம்பல் நிறக் குன்றும் வானமும்தான்.

1849 சலோனில் பதக்கம் வாங்கியிருந்ததால் அவர் படங்கள் தேர்வுக் குழுவைத் தாண்ட வேண்டியதில்லை. அதனால்தான் 1850–51 சலோனில் இது தொங்கியது. அசிங்கம் என்று கத்தினார்கள். கோபம் கிராமத்தானை வரைந்ததற்கு அல்ல. டச்சுக்காரர்கள் இருநூறு ஆண்டுகளாகக் குடிகாரக் குடியானவர்களை வரைந்து விற்றவர்கள்தான். அதெல்லாம் முழ அகலத் துணியில். மன்னருக்கும் தியாகிக்கும் ஒதுக்கிய அளவில் ஒர்னான் ஊர்க்காரர்களை நிறுத்தியதுதான் குற்றம். புகைப்படம் வந்ததால் யதார்த்தவாதம் வந்தது என்ற விளக்கத்தை நான் அதிகம் நம்பாததற்கும் இதுவே காரணம். தத்ரூபம் வான் எய்க்கிடமே இருந்தது. கூர்பே போட்ட சண்டை, யார் பெரிய சுவருக்குத் தகுதியானவர் என்பதில்.

1855 உலகக் கண்காட்சியின் குழு 'சவ அடக்கத்தையும்' 'ஓவியரின் கூடத்தையும்' மறுத்தது. அவர் பக்கத்திலேயே சொந்தச் செலவில் ஒரு கொட்டகை போட்டு, 'யதார்த்தவாதம்' என்று பலகை மாட்டி, டிக்கெட் வைத்தார். கூட்டம் வரவில்லை, கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தார். டெலக்ருவா போய்க் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் தனியாக நின்று பார்த்துவிட்டு, குழு மறுத்தது ஒரு தலைசிறந்த படைப்பை என்று நாட்குறிப்பில் எழுதினார். புரவலரும் இல்லை, அரசும் இல்லை, சுவரே ஓவியருடையது. அடுத்து வந்த மானேயும் இம்ப்ரெஷனிஸ்டுகளும் இந்த வழியில்தான் தனிக் கண்காட்சிகள் வைத்தார்கள்.

யதார்த்தவாதம் கூர்பேயோடு நிற்கவில்லை. மிலேயின் 'கதிர் பொறுக்கும் பெண்கள்' (1857) சின்னப் படம், ஆனால் குனிந்த முதுகுகளுக்குச் சிலையின் கனம். டோமியே பத்திரிகைகளுக்குக் கல்லச்சில் வரைந்தார். மன்னரைக் கேலி செய்ததற்காக 1832-இல் சிறைக்கும் போனார். அவருக்குச் சுவரே தேவைப்படவில்லை, தாள் போதும். ரஷ்யாவில் ரேப்பின் வோல்கா படகிழுப்போரை 1873-இல் முடித்தார்.

பாணிகளைக் கண்ணுக்குப் பழக்க வேண்டுமென்றால் நான்கு படங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: மசாச்சோவின் திரித்துவம், கரவாஜ்ஜோவின் மத்தேயு, டேவிடின் சபதம், கூர்பேயின் சவ அடக்கம். அருங்காட்சியகங்களின் தளங்களில் நல்ல தரத்தில் பலவற்றைப் பார்க்கலாம். போன் திரையில் எல்லாம் ஒரே அளவாகத் தெரியும் என்பதுதான் சிக்கல். படத்தின் கீழே உயரமும் அகலமும் சென்டிமீட்டரில் போட்டிருப்பார்கள். முதலில் அதைப் படித்துவிட்டு, வீட்டுச் சுவரில் அந்த அளவைக் கையால் அளந்து பார்த்துவிட்டு, அப்புறம் படத்துக்கு வாருங்கள்.